10 பேரில் ஒரே பெண்... உலக பில்லியர்ட்ஸ் போட்டியில் மோதிய மசாகோ கட்சுரா யார்?

ஸ்னூக்கர்னா பந்தை பாக்கெட்டில் தள்ளணும். ஆனா 'த்ரீ குஷன்' பில்லியர்ட்ஸ் மேஜையில் பாக்கெட்டே கிடையாது. மொத்தம் மூணே பந்து. நம்ம பந்து மற்ற இரண்டையும் தொடணும். அதிலும் இரண்டாவது பந்தைத் தொடுறதுக்குள்ள மேஜை ஓரங்களில் குறைஞ்சது மூணு தடவை மோதியிருக்கணும். அப்போதான் ஒரு பாயிண்ட்!

இந்த ஆட்டத்தின் உலக சாம்பியன்ஷிப்பில் முதன்முதலில் களமிறங்கிய பெண், ஜப்பானின் மசாகோ கட்சுரா.

1913-ல் டோக்கியோவில் பிறந்தார். 12 வயதில் அப்பா இறந்துபோக, அக்கா வீட்டுக்கு வந்தார். அக்கா கணவர் நடத்தியது பில்லியர்ட்ஸ் கூடம். 14 வயதில் அங்கேயே வேலை, 15 வயதில் ஜப்பான் பெண்கள் சாம்பியன். அதோடு நிற்கவில்லை. ஆண்களோடு மோதிய தேசிய த்ரீ குஷன் போட்டியில் மூன்று முறை இரண்டாமிடம்.

அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த வெர்னன் கிரீன்லீஃபை 1950-ல் மணந்து, மறுவருஷம் அமெரிக்கா போனார். ஆங்கிலம் அவ்வளவா வராது. 1952-ல் சான் பிரான்சிஸ்கோ உலக சாம்பியன்ஷிப்பில் ஆடிய 10 பேரில் அவர் மட்டும்தான் பெண். பட்டம் வில்லி ஹோப்பிக்குப் போனது, மசாகோவுக்கு ஏழாமிடம். ஏழாவதுதானேனு தோணலாம். மூணு ஆண்கள் அவருக்குப் பின்னாடி இருந்தாங்க! 1953 சிகாகோவில் ஐந்தாமிடம், 1954 பியூனஸ் அயர்ஸில் நான்காமிடம்.

1961-ல் ஹரால்ட் வொர்ஸ்ட்டுடன் உலகப் பட்டத்துக்கு நேருக்கு நேர் மோதித் தோற்றார். அப்புறம் போட்டிகள் பக்கமே வரவில்லை. 1995-ல் ஜப்பானில் காலமானார்.

நடுவில் ஒரே ஒரு நாள், 1976-ல் சான் பிரான்சிஸ்கோ கூடம் ஒன்றுக்கு திடீர்னு வந்தார். இரவல் கியூவை வாங்கி, விடாமல் 100 பாயிண்ட் எடுத்துட்டு, சிரித்தபடி கிளம்பிட்டார்.