கம்பியில்லாமல் அடித்த மணி

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண வீடுகளில் பார்த்திருப்பீர்கள். படம் பிடிப்பவர் காமிராப் பொத்தானை அமுக்குகிறார். தள்ளி நிற்கும் பிளாஷ் விளக்கு அதே நொடியில் பளிச்சிடுகிறது. இடையே கம்பி கிடையாது! காமிரா மேல் உள்ள சிறு கருவி ரேடியோ அலையை அனுப்புகிறது. விளக்கில் உள்ள கருவி அதை வாங்கி, விளக்கை எரியச் செய்கிறது.

தூரத்துப் பொருளை இப்படிக் கம்பியில்லாமல் இயக்கலாம் என்று அந்த நாளிலேயே செய்து காட்டியவர் ஓர் இந்தியர். அவர்தான் ஜகதீச சந்திர போஸ்.

அவர் 1858-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி வங்காளத்தில் பிறந்தார். இங்கிலாந்தில் படித்தார். 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியர் ஆனார்.

வெள்ளைக்காரப் பேராசிரியர்களைவிட அவருக்குச் சம்பளம் குறைவு. போஸ் வேலையை விடவில்லை. குறைந்த சம்பளத்தைத் தொடவும் இல்லை. 3 ஆண்டுகள் சம்பளம் வாங்காமலே பாடம் நடத்தினார். முடிவில் அரசாங்கம் இறங்கி வந்தது. முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தது.

கல்லூரியில் நல்ல ஆராய்ச்சிக்கூடம் இல்லை. ஒரு சிறு அறையில், தகர வேலைக்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கருவிகள் செய்தார்.

1895-ம் ஆண்டையொட்டி, கல்கத்தா நகர மண்டபத்தில் பலர் முன்னிலையில் சோதனை நடந்தது. போஸ் ஓர் இடத்தில் மின் அலையை எழுப்பினார். அலை சுவரைக் கடந்து சென்றது. அப்பால் இருந்த மணி அடித்தது! வெடிமருந்து வெடித்தது!

இந்த ஆராய்ச்சியை வைத்துப் பணம் சேர்க்க அவர் விரும்பவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் 1904-ல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. அதையும் அவர் காசாக்கவில்லை. 1917-ல் கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார்.

1937-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி போஸ் காலமானார். அன்று மணியை அடித்தது கண்ணுக்குத் தெரியாத அலை. இன்று மணமக்கள் முகத்தில் வெளிச்சம் விழச் செய்வதும் அத்தகைய அலைதான்.