புளிப்பின் உண்மை கண்ட பாஸ்டர்

கெடில நதிக்கரையில் அமைந்த திருவதிகையில், இரவு அரைத்து வைத்த மாவு விடிவதற்குள் பாத்திரத்தின் விளிம்பு வரை பொங்கி நிற்றலைச் சிறுவர் யாவரும் கண்டிருப்பர். காய்ச்சி ஆற்றிய பாலில் சிறிது உறைமோர் விட்டால் மறுநாள் அது தயிராகிறது. மேலைநாட்டார் கோதுமை மாவைப் புளிக்க வைத்து ரொட்டி சுடுகின்றனர். இவற்றையெல்லாம் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செய்துவந்தனர். ஆயினும் மாவு பொங்குவதும் பால் உறைவதும் எதனால் என்று அறிந்தாரில்லை. அதனை ஐயமற ஆராய்ந்து உலகிற்கு உணர்த்திய பெருமை பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டரைச் சாரும்.

பாஸ்டர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27-ஆம் நாள் டோல் என்னும் ஊரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் நெப்போலியனின் படையில் பணியாற்றியவர்; பின்னர்த் தோல் பதனிடுந் தொழிலை மேற்கொண்டார். செல்வம் குறைந்த குடும்பமாயினும் மகனின் கல்வியில் அவர் குறை வைத்தாரல்லர். இளமையில் பாஸ்டர் வண்ண ஓவியம் தீட்டுவதில் வல்லவராய் இருந்தார். பள்ளிப் பாடங்களில் தலைசிறந்து விளங்கினார் என்று கூறுதற்கில்லை. பதினைந்தாம் வயதில் பாரிசு மாநகருக்குப் படிக்கச் சென்றவர், வீட்டு நினைவால் வருந்திச் சில வாரங்களிலேயே தந்தையாருடன் ஊர் திரும்பினார். எனினும் முயற்சியைக் கைவிட்டாரில்லை. மீண்டும் அந்நகர் சென்று வேதியியல் பயின்று புலமை பெற்றார்.

1854-ஆம் ஆண்டில் பாஸ்டர் லில் நகரில் அறிவியற் பேராசிரியராக அமர்ந்தார். அந்நகரில் பீட்ரூட் கிழங்கின் சாற்றைப் புளிக்க வைத்துச் சாராயம் வடிக்கும் ஆலைகள் பல இருந்தன. 1856-ஆம் ஆண்டில் பிகோ என்னும் ஆலையுடையார் அவரை நாடி வந்தார். இவர்தம் மகன் பாஸ்டரிடம் பயின்ற மாணவன். ஆலைத் தொட்டிகளுள் சில நன்கு நொதித்தன. வேறு சிலவோ காரணம் தெரியாமல் கெட்டுப் புளித்து வீணாயின. அதனால் நேர்ந்த இழப்பைத் தடுக்க வழி காண வேண்டினார் அவர்.

பேராசிரியர் தொட்டிகளின் அருகே சென்று, ஒவ்வொன்றிலிருந்தும் துளியெடுத்து நுண்ணோக்கியால் நோக்கினார். நல்ல தொட்டியின் சாற்றில் உருண்டை வடிவான ஈஸ்ட் அணுக்கள் நிறைந்திருந்தன. கெட்ட தொட்டியிலோ அவற்றினும் மிகச் சிறியவையாய், கோல் போன்று நீண்ட வேறு உயிர்கள் மலிந்திருந்தன. முன்னவை சர்க்கரையைச் சாராயமாக்கின. பின்னவை அதனைப் புளிப்புப் பொருளாக மாற்றின. பால் புளிப்பதும் இத்தகைய நுண்ணுயிர்களின் செயலே என்று 1857-ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார்.

இக்கருத்தை அறிஞர் பலர் ஏற்றிலர். ஈஸ்ட் உயிருள்ளது என்று 1830-களிலேயே சிலர் கூறியிருந்தும், ஜெர்மனி நாட்டின் புகழ்மிக்க வேதியியலறிஞர் லீபிக் அதனை மறுத்தார். அழுகிச் சிதையும் பொருளின் கிளர்ச்சியே சர்க்கரையையும் சிதைக்கிறது என்பது அவர் கொள்கை. பாஸ்டர் சொற்போரால் மட்டும் விடையிறுக்க விரும்பவில்லை. அழுகத்தக்க பொருள் எதுவுமின்றி, சர்க்கரை நீரில் ஓர் அம்மோனிய உப்பையும் ஈஸ்டை எரித்த சாம்பலையும் மட்டும் கலந்தார். அதில் ஊசித்தலையளவு ஈஸ்ட் இட்டார். ஈஸ்ட் பல்கிப் பெருகியது, சர்க்கரையும் நொதித்தது. அழுகுவதற்குப் பொருளில்லாத இடத்திலும் நொதித்தல் நிகழ்ந்தமையால், அது உயிரின் செயலே என்பது விளங்கிற்று.

இவ்வுண்மை அடுக்களைக்கும் பொருந்தும். ஈஸ்ட் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமிலவாயுவை வெளிவிடுகிறது. பிசைந்த கோதுமை மாவின் பசை அவ்வாயுவைப் பிடித்துக்கொள்வதால் மாவு பொங்குகிறது. வெந்த ரொட்டியில் காணும் துளைகள் அக்குமிழிகள் இருந்த இடங்களே. கடையில் ஈஸ்ட் வாங்காமல் இல்லத்திலேயே அதனை வளர்த்தலும் கூடும். கோதுமை மாவையும் நீரையும் ஒத்த எடையில் குழைத்துக் கலத்திலிட்டு, மெல்லிய துணியால் மூடி வைத்தல் வேண்டும். நாள்தோறும் அதில் பாதியை நீக்கிப் புதுமாவும் நீரும் சேர்த்துவந்தால், மாவிலேயே இயல்பாய் இருந்த ஈஸ்டும் புளிப்பு நுண்ணுயிர்களும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பெருகும். பூசணம் பூத்தாலும் செந்நிறம் படர்ந்தாலும் அதனை எறிந்துவிடுதல் வேண்டும். பாலுக்கு உறைமோர் எவ்வாறோ, ரொட்டிக்கு இப்புளித்த மா அவ்வாறாம். நம் இட்டலி மாவிலோ புளிப்பு நுண்ணுயிர்களே பெரும்பணி புரிகின்றன.

பாஸ்டரின் வாழ்வில் துன்பங்கள் அடுத்தடுத்து வந்தன. 1859-ஆம் ஆண்டுக்கும் 1866-ஆம் ஆண்டுக்கும் இடையே பெண்மக்கள் மூவரை நோய்க்குப் பறிகொடுத்தார். 1868-ஆம் ஆண்டில் பக்கவாதத்தால் அவரது இடப்பக்கம் செயலிழந்தது. அந்நிலையிலும் ஆராய்ச்சியை விட்டாரில்லை. திராட்சை மதுவைக் கெடுக்கும் நுண்ணுயிர்களை இளஞ்சூட்டால் அழிக்கலாம் என்று முன்னரே கண்டிருந்தார். பாலைப் பாதுகாக்க இன்று கையாளும் முறை அதன் வழிவந்ததே. சாற்றைக் கெடுக்கும் உயிர்களைக் கண்டவர், உடலைக் கெடுக்கும் நோய்க்கிருமிகளையும் ஆராயலானார். 1885-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்குத் தாம் கண்ட தடுப்பு மருந்தை மருத்துவரைக்கொண்டு ஊசிவழிச் செலுத்தச் செய்தார்; சிறுவன் பிழைத்தான். 1895-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 28-ஆம் நாள் பாஸ்டர் உயிர்நீத்தார்.

அவர் மறைந்த ஈராண்டில், ஜெர்மானியர் எட்வர்டு புக்னர் உயிருள்ள ஈஸ்டின்றி, அதனை நசுக்கிப் பிழிந்த சாறே சர்க்கரையை நொதிக்கச் செய்தலைக் கண்டார். உயிரணு ஆக்கும் நொதிப்பொருள்களே அம்மாற்றத்தைச் செய்கின்றன என்பது இதனால் தெளிவாயிற்று. பாஸ்டர் இட்ட அடிப்படையின்மேல் அறிவு இவ்வாறு மேலும் வளர்ந்தது.

நீலகிரி மலையிலுள்ள குன்னூரில் 1907-ஆம் ஆண்டில் அவர் பெயரால் ஒரு நிலையம் நிறுவப்பெற்றது. வெறிநாய்க்கடிக்குரிய தடுப்பு மருந்தை ஆக்கி அது எண்ணற்ற உயிர்களைக் காத்தது. கெட்டுப்போன சாற்றின் ஒரு துளியையும் இகழாது நோக்கிய கண்களே இத்துணை நன்மைக்கும் வித்தாயின. நாள்தோறும் நம் இல்லத்தில் நிகழ்வனவற்றை ஏன், எவ்வாறு என்று வினவிப் பார்க்கும் பழக்கத்தை நாமும் மேற்கொள்வோமாக.