சாக்பீஸ் பொடியில் வண்ணம் பிரித்தவர்

இலை என்ன நிறம்னு கேட்டா பச்சைன்னு உடனே சொல்லிடுவோம். ஆனால் அந்தப் பச்சைக்குள் மஞ்சளும் ஆரஞ்சும் ஒளிந்திருக்கின்றன! அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க எளிய வழி கண்டவர் ரஷ்யத் தாவரவியல் அறிஞர் மிகைல் ஸ்வெட்.

இவர் 14.5.1872 அன்று இத்தாலியில் ஆஸ்டி என்னும் ஊரில் பிறந்தார். பிறந்த கொஞ்ச நாளிலேயே அம்மா இறந்துட்டாங்க. சுவிட்சர்லாந்தில் வளர்ந்து, 1896-இல் ஜெனீவாவில் டாக்டர் பட்டம் பெற்றார். அப்பாவின் நாடான ரஷ்யாவுக்குப் போனால், அங்கே அந்தப் பட்டம் செல்லவில்லை. அவர் சோர்ந்து போகவில்லை. மறுபடி படித்து 1901-இல் கசானில் இன்னொரு பட்டம் வாங்கினார். பிறகு வார்சா நகரில் வேலை பார்த்தார்.

அங்கே அவர் செய்த சோதனையைக் கேளுங்கள். மெல்லிய கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை அடைத்தார். மேலே இலைச் சாற்றை ஊற்றினார். அது இறங்கியதும் சுத்தமான திரவத்தை ஊற்றினார். தூளோடு நன்றாக ஒட்டும் நிறம் மேலேயே நின்றது. ஒட்டாத நிறம் சீக்கிரம் கீழே வந்தது. குழாயில் வண்ண வண்ணப் பட்டைகள்! 1906-இல் இதற்குக் குரோமடோகிராபி என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் ‘வண்ண எழுத்து’ என்று பொருள். ரஷ்ய மொழியில் ஸ்வெட் என்றாலும் வண்ணம்தான்!

இதில் பொறுமை ரொம்ப முக்கியம். தூள் நைஸாக இருக்கணும். சந்து இல்லாமல் ஒரே சீராக அடைக்கணும். சந்து இருந்தால் திரவம் அது வழியாக ஓடிடும், பட்டைகள் கோணலாகிக் கலந்துடும். சாற்றையும் கொஞ்சமாகத்தான் ஊற்றணும்.

அக்காலத்தில் பல வேதியியல் அறிஞர்கள் இந்த முறையை நம்பவில்லை. முதல் உலகப் போரால் 1915-இல் வார்சாவை விட்டு ஊர் ஊராக அலைந்தார். 26.6.1919 அன்று வொரோனேஷ் நகரில், 47 வயதில் காலமானார். 1931-இல் ஜெர்மனியில் கூன், லெடரர் முதலியோர் இவர் வழியிலேயே கரோட்டினைப் பிரித்துக் காட்டினர். அப்புறம்தான் உலகம் நம்பியது. இன்று மருந்தில் கலப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் இந்த வழியில்தான்.

பட்டம் செல்லாதுன்னு சொல்லலாம், உண்மை செல்லாமல் போகுமா?

செய்து பாருங்கள்: வெள்ளைச் சாக்பீஸின் அடியிலிருந்து 2 செ.மீ. மேலே கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் சுற்றிக் கோடு போடுங்கள். 1 செ.மீ. தண்ணீரில் நிறுத்துங்கள். கோடு தண்ணீரில் முங்கக் கூடாது, முங்கினால் சாயம் கரைந்துடும். கறுப்புக்குள் எத்தனை நிறம்னு எண்ணிச் சொல்லுங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி