மீனவர் குலதிலகம் சிங்காரவேலரும் மரணதண்டனைக் கண்டனமும்

தம் குலத்தாரின் துயரைத் தம் துயராகக் கொள்வோர் உலகிற் பலர் உளர். முன்பின் அறியாத அயலாரின் துயரையும் அவ்வாறே கொள்வோர் மிகச் சிலரே. அத்தகையார் ஒருவர் நம் மீனவ குலத்தில் தோன்றியிருந்தும், அவருடைய சரித்திரத்தை நம் பிள்ளைகள் அறியாதிருத்தல் நமக்குப் பெருங்குறையாகும். ஆதலின், பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் வாழும் நம் சங்கத்தாரும் அவர்தம் குடும்பத்தாரும் படித்துணரும் பொருட்டு, ம. சிங்காரவேலு செட்டியாரவர்களின் வாழ்க்கையையும், அவர் மரணதண்டனை ஒன்றைக் கண்டித்து நின்ற செய்தியையும் ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

சிங்காரவேலர் 1860-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 18-ஆம் நாள் சென்னையில் மீனவர் குடும்பமொன்றில் வெங்கடாசலம் செட்டியார், வள்ளியம்மை என்பார்க்குப் புதல்வராய்ப் பிறந்தார். நம்மவரில் எழுத்தறிந்தார் அரியராயிருந்த அக்காலத்தில் அவர் மாகாணக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றார். பின்னர்ச் சட்டமும் கற்று 1907-ஆம் ஆண்டு முதல் உயர்நீதிமன்றத்தில் வக்கீலாக விளங்கினார். புத்த தருமத்தில் பெரும் பற்றுடையவர். தம் இல்லத்திற் பெரியதொரு நூல்நிலையம் வைத்திருந்தவர். 1921-ஆம் ஆண்டு ஒத்துழையாமை இயக்கத்தின்போது தம் வக்கீல் அங்கியைப் பலரறிய எரித்து, வருவாய் மிக்க அத்தொழிலைத் துறந்தார். 1923-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், இந்தியாவில் முதன்முதலாகத் தொழிலாளர் தினத்தைச் சென்னைக் கடற்கரையிற் கொண்டாடியவரும் அவரே.

நிற்க, நாம் கூறவந்த செய்திக்கு வருவோம். அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் மாகாணத்தில் 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், சம்பளப் பணம் கொண்டுசென்ற இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்குற்றம் இத்தாலியிலிருந்து குடியேறிய இருவர்மீது சுமத்தப்பட்டது. ஒருவர் செருப்புத் தொழிலாளியான நிக்கோலா சாக்கோ. மற்றவர் பர்த்தலோமியோ வான்செட்டி. இவ்வான்செட்டி பிளிமத் என்னும் கடற்கரையூரில் தள்ளுவண்டியில் மீன் விற்றுப் பிழைத்தவர் என்பதை நம்மவர் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

வான்செட்டியின்மீது அதற்கு முன் நிகழ்ந்த கொள்ளை முயற்சி ஒன்றும் சுமத்தப்பட்டிருந்தது. அது 1919-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளில் நிகழ்ந்தது. அன்று அவரிடம் பண்டிகைக்கு விலாங்கு மீன் வாங்கினோமென்று இத்தாலியக் குடும்பத்தார் பலர் சாட்சி கூறினர். ஏழை அயல்நாட்டாரின் வாய்மொழி ஏற்கப்படவில்லை. பின்னர், 1921-இல் கொலை வழக்கிலும் இருவரும் குற்றவாளிகளென்று தீர்க்கப்பட்டனர். அவர்கள் அராஜகக் கொள்கையினராயிருந்தமையால் நீதிபதியின் மனத்திலேயே வெறுப்பு இருந்தது. வேறொரு கைதி அக்கொலையில் தானே பங்குற்றதாக 1925-இல் எழுதிக்கொடுத்தும் மறுவிசாரணை மறுக்கப்பட்டது. 1927-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மரணதண்டனை விதிக்கப்பட்டது.

உடனே இலண்டன், பாரிஸ் முதலிய நகரங்களில் மக்கள் திரண்டு, அவ்விருவரையும் கொல்லாதீரென்று வேண்டினர். அவ்வேண்டுகோள் நம் கடற்கரையினின்றும் எழுந்தது. சென்னையில் மக்களைக் கூட்டி அத்தண்டனையைக் கண்டித்தவர் நம் சிங்காரவேலரே. அப்போது அவருக்கு வயது 67. அவ்விருவரும் அவருக்கு உறவினரல்லர்; ஒரே நாட்டினருமல்லர்; அவர்தம் அராஜகக் கொள்கையும் பொதுவுடைமையாளராகிய இவர் கொள்கையன்று. உழைத்துண்ணும் எளியோர் என்னும் ஒன்றே அவர்களை இவரோடு பிணைத்தது. ஆயினும் 1927 ஆகஸ்டு 23-ஆம் நாள் இருவரும் மின்சார நாற்காலியில் உயிர் நீத்தனர்.

இக்கண்டனத்தாற் பயன் யாதென்று வினவுவாருண்டு. 50 ஆண்டு கழித்து, 1977-ஆம் ஆண்டில், அம்மாகாண ஆளுநர் அவ்விசாரணை நேர்மையாக நடைபெறவில்லையென்று பிரகடனம் செய்தார். இருவரும் குற்றமற்றவரென்று அப்பிரகடனம் முடிவு கூறவில்லை. ஆனால் ஐயத்தைத் தீர்க்க மறுவிசாரணை செய்ய அவர்கள் உயிரோடில்லையே! கொலையுண்ட இருவரின் குடும்பத்தார் கண்ணீரையும் நாம் மறக்கலாகாது. அக்கண்ணீரும் பின்னிருவர் உயிரால் துடைக்கப்படவில்லை.

நம் ஏரியின் வழக்கத்தையே எண்ணிப் பாருங்கள். பாட்டு முறைப்படி சீட்டுப் போட்டு வலையிடும் இடத்தைப் பகிர்ந்துகொள்கிறோம். முறை மீறியவனுக்கு ஊர்க்கூட்டம் அபராதம் விதிக்கலாம். பாட்டை நிறுத்தியும் வைக்கலாம். பிழையாகத் தண்டித்தோமென்று பின்னர்த் தெரிந்தால் அபராதத்தைத் திருப்பலாம். பாட்டையும் மீட்டுக் கொடுக்கலாம். உயிரை வாங்கிய மன்றமோ எதைத் திருப்பிக் கொடுக்கும்?

இஃது அயலார் கதையென்று எண்ணற்க. 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், இராமேசுவரம் பகுதி மீனவர் ஐவருக்குப் போதைப்பொருள் கடத்தியதாகக் கொழும்பு உயர்நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. முதல் நாள் ஆத்திரத்தில் சிலர் வரம்பு மீறியது வருந்தத்தக்கது. ஆனால் தொழிலை நிறுத்தி அமைதியாக முறையிட்டவர் குரலும், நம் நாட்டு அரசாங்கத்தின் முயற்சியும் வீண்போகவில்லை. இலங்கை அதிபர் மன்னிப்பு அளிக்க, அடுத்த மாதமே ஐவரும் விடுதலையாகி வீடு திரும்பினர். வான்செட்டிக்கு வாய்க்காத கருணை நம்மவர்க்கு வாய்த்தது.

சிங்காரவேலர் 1928-இல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தின் பொருட்டுச் சிறை புகுந்து, 1930-இல் மீண்டார். அதன் பின்னரும் சுயமரியாதை இயக்க ஏடுகளில் விஞ்ஞானக் கட்டுரைகள் வரைந்து மக்களுக்கு அறிவூட்டினார். 1946 பிப்ரவரி 11-ஆம் நாள், தம் 86-ஆம் வயது நிறைவுறும் தறுவாயில் காலமானார். சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அன்பர்காள்! நம் குலத்துப் பெரியாரென்று அவரைப் புகழ்தல் எளிது. அயலான் வழக்கு நமக்கெதற்கு என்று வாளாவிராமல், ஓர் உயிர் போகுமுன் அமைதியாக வாய்திறந்து கேட்பதே அவர் வழி நிற்றலாகும். அவ்வழியை நம் குப்பத்துச் சிறார்க்குக் கற்பிப்போமாக.