வீடூர் அணையும் விருதுநகர் மனிதரும்

ஆயிரம் ஏக்கர்! கணக்கேட்டில் அது சின்ன எண். ஆனால் அந்த எண்ணுக்குள் ஒரு நியாயம் இருக்கிறது.

திண்டிவனத்துக்குத் தெற்கே சங்கராபரணியின் குறுக்கே, 1959-ல் வீடூர் அணை எழுந்தது. 32 அடி உயரம், 605 மில்லியன் கனஅடி நீர். அதன் பாசனம் 3,200 ஏக்கர். இதில் 2,200 ஏக்கர் தமிழகத்து நிலம், 1,000 ஏக்கர் புதுவை நிலம். கட்டியது சென்னை சர்க்கார். அப்போது புதுவை சட்டப்படி எந்த நாட்டு மண்?

வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில், 1954 அக்டோபர் 18-ல், 178 பிரதிநிதிகள் கூடினார்கள். இந்தியாவோடு சேர வேண்டும் என்று 170 பேர் வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. ஆனால் பாரிஸ் ஒப்புதல் தந்து, சட்டப்படி மாற்றம் நிறைவேறியது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். ஆக, சட்டத்தின் கண்ணுக்கு இன்னும் பிரஞ்சு மண்ணாக இருந்த பூமிக்கும் சேர்த்தே அந்த அணை எழுந்தது! சென்னைக் கோட்டையில் அன்று முதலமைச்சராக அமர்ந்திருந்தவர் காமராசர்.

யார் இந்தக் காமராசர்? 1903 ஜூலை 15-ல், வறண்ட விருதுநகரிலே பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தை குமாரசாமியை இழந்தார். படிப்பைப் பாதியில் விட்டு, மாமனின் துணிக்கடையில் நின்றார். கடையில் நின்ற பையனின் காதுக்கு ஜாலியன்வாலா பாக் படுகொலைச் செய்தி எட்டியது. கடை அவரை இழந்தது, நாடு அவரைப் பெற்றது. 1930-ல் வேதாரண்யம் உப்புப் போராட்டத்துக்குப் போனார். பரிசாகக் கிடைத்தது அலிப்பூர்ச் சிறை. 1942 ஆகஸ்டுப் போராட்டத்திலும் சிறை. அவர் சிறையில் கழித்த நாட்களையெல்லாம் கூட்டினால் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள்!

1954 ஏப்ரல் 13-ல் முதலமைச்சரானார். மூடிக்கிடந்த பள்ளிகள் திறந்தன, ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வந்தது. இவை எல்லோரும் அறிந்தவை. தண்ணீருக்காக அவர் ஆட்சி செய்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1957-ல் கிருஷ்ணகிரி அணை, 1958-ல் சாத்தனூர் அணை, 1959-ல் வைகை அணை. அந்த ஆண்டுகளில் பொதுப்பணித் துறையைப் பார்த்தவர் மதுரை மாவட்டத்துக் கக்கன். கேரளத்தோடு சேர்ந்த பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்துக்கும் அக்காலத்திலேயே வேலை தொடங்கியது. இரு ராஜ்யங்களும் முறையாகக் கையெழுத்திட்டது 1970-ல். ஆனால் ஒப்பந்தம் 1958-லிருந்தே செல்லும் என்று எழுதிக்கொண்டார்கள். பேச்சு ஒரு பக்கம், மண்வெட்டி ஒரு பக்கம்! வழக்கு மன்றத்து வாசலில் காலம் கழியவில்லை.

குறையே இல்லாத மனிதரா? இல்லை. 1956-ல் மொழிவழி ராஜ்யங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. அங்கே காமராசர் உறுதியாக நிற்கவில்லை என்ற வருத்தம் தமிழகத்தில் இன்றும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

விருதுநகர்க்காரர்கள் இன்றும் சொல்லும் ஒரு செய்தி உண்டு. முதலமைச்சரின் தாயாயிற்றே என்று, சிவகாமி அம்மாள் வீட்டுக்குத் தனிக் குழாய் போட்டார்களாம். மகன் அறிந்ததும் அதை எடுக்கச் சொல்லிவிட்டாராம். தெருவுக்கெல்லாம் பொதுக் குழாய் என்றால், தாய்க்கும் பொதுக் குழாய்தான்! அதிகாரம் கையில் இருப்பவன் முதலில் குடிப்பது நியாயமல்ல என்பது அவர் கொள்கை.

தோழர்களே, இந்தக் கொள்கையை எடுத்துக்கொண்டு பாகூர்ப் பக்கம் வாருங்கள். தென்பெண்ணை கர்நாடகத்து நந்தி மலையில் பிறக்கிறது, கிருஷ்ணகிரியையும் சாத்தனூரையும் தாண்டுகிறது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் பிரிந்து பாகூர் ஏரியை நிரப்புகிறது. அணைக்கட்டு இருப்பது தமிழகத்தில், ஏரி இருப்பது புதுவையில், ஊற்று இருப்பது கர்நாடகத்தில். புதுவையின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய பாகூர், மூன்று சர்க்கார்களின் கையைப் பார்த்து நிற்கிறது!

மேலே கோலார் மாவட்டத்து யார்கோலில், பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் அணை கட்டியது. 1892-ம் ஆண்டுச் சென்னை – மைசூர் ஒப்பந்தத்தைக் காட்டித் தமிழகம் வழக்குப் போட்டது. 2019 நவம்பரில் உச்சநீதிமன்றம் தடை தர மறுத்தது, நடுவர் மன்றம் கேட்கலாம் என்றது. கர்நாடகத்திடம் கீழ்மடை உரிமை பேசும் தமிழகம், பாகூருக்கு மேல்மடைக்காரன் என்பதையும் மறந்துவிடக் கூடாது. தனக்குக் கேட்கும் நியாயத்தைத் தனக்குக் கீழே இருப்பவனுக்கும் தரத்தானே வேண்டும்?

பங்கு என்பது வறட்சிக்கு மட்டுமா? 2024 நவம்பர் 30-ல் கரை கடந்த புயலுக்குப் பின், சாத்தனூரிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் நீர் வெளியேறியது. பாகூர் கொம்யூன் சிற்றூர்கள் தண்ணீரில் தத்தளித்தன. கோடையிலே வாய்க்கால் வறண்டு கிடக்கிறது, மழையிலே வீட்டுக்குள் ஆறு வருகிறது! கடைமடைக்காரன் கேட்பது இரண்டு: பங்கு எண்ணாக எழுதப்பட வேண்டும், மதகு திறக்குமுன் செய்தி வர வேண்டும்.

ஆற்று வாரியங்கள் அமைக்க 1956-லேயே நாடாளுமன்றம் சட்டம் செய்தது. அந்தச் சட்டப்படி ஒரு வாரியமும் அமையவில்லை. சட்டம் ஏட்டிலே தூங்கியது, வீடூர் அணையோ தண்ணீர் கொடுத்தது. வேறுபாடு எங்கே? மனத்திலே!

1963-ல் பதவியைத் தாமே துறந்தார் காமராசர். இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்நின்றார். 1967-ல் சொந்த ஊரிலேயே தோற்றார். 1975 அக்டோபர் 2-ல், மனைவி மக்கள், சொத்து எதுவுமின்றிக் கண்மூடினார். அவருக்குச் சிலைகள் போதும். பெண்ணையாற்றுப் பேச்சு எங்கே நடந்தாலும், பாகூரின் பங்கு இத்தனை என்று முதல் பக்கத்திலேயே எழுதும்படி ஊர்தோறும் குரல் எழுப்புங்கள். வீடூரில் ஆயிரம் ஏக்கர் எழுத முடிந்த கைக்கு, சொர்ணாவூரிலும் எழுத முடியும்.