வாக்கர் அம்மையார் தேடிக்கொண்ட வாணிக உறவுகள்

வாணிகத்திற்கு முதற்கண் வேண்டுவது பணம் என்பது பொதுவாக நிலவும் கருத்து. பணத்தைக் கடனாகவேனும் பெறலாம். கடன் கொடுப்பாரையும், சரக்குத் தருவாரையும், ஒருமுறை வாங்கியபின் மறுமுறையும் தேடி வருவாரையும் எங்கே பெறுவது? தலைமுறை தலைமுறையாகக் கடைவீதியில் இருந்துவரும் குடும்பத்துப் பிள்ளைக்கு இவர்கள் மாமனாகவும், மைத்துனனாகவும், தந்தையின் கூட்டாளியாகவும் பிறக்கும்போதே வாய்த்துவிடுகின்றனர். நம் இளைஞர்க்கு அவ்வாறு வாய்ப்பதில்லை. வாணிகத்தில் உற்றார் ஒருவருமில்லாத ஒருவர் அவ்வுறவுகளைத் தாமே ஆக்கிக்கொள்ள இயலுமா என்னும் வினாவிற்கு விடையாக அமைந்த வாழ்க்கை, அமெரிக்கக் கறுப்பினப் பெருமாட்டி மேடம் சி. ஜே. வாக்கருடையது. ஆதலின் அவர் வரலாற்றை இம்மலரில் எழுத விழைந்தோம்.

அவருடைய இயற்பெயர் சாரா பிரீட்லவ். லூசியானா மாநிலத்தில் டெல்டா என்னும் சிற்றூரில், பருத்தித் தோட்டமொன்றில், 1867 டிசம்பர் 23 அன்று பிறந்தார். பெற்றோர் அடிமைகளாயிருந்தவர்கள். அக்குடும்பத்தில் விடுதலைக்குப் பின் பிறந்த முதற் குழந்தை இவரே. ஏழு வயதிற்குள் தாயும் தந்தையும் மறைந்தனர். பத்து வயதளவில் தமக்கையுடன் விக்ஸ்பர்க் நகருக்குச் சென்று வீட்டு வேலை செய்தார். பதினான்காம் வயதில் மணம். பதினேழாம் வயதில் லீலியா என்னும் பெண்மகவு. இருபதாம் வயதில் கைம்மை.

கைக்குழந்தையுடன் அவர் சென்றடைந்தது செயின்ட் லூயிஸ் நகரம். அங்கே அவருடைய தமையன்மார் முடிதிருத்தும் தொழில் நடத்தி வந்தனர். அம்மையார் பிறர் வீட்டுத் துணிகளை வெளுத்து, நாளொன்றுக்கு ஒரு டாலருக்குச் சற்று மேற்பட்ட கூலி பெற்றார். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இதுவே அவர் பிழைப்பு. அந்தக் கூலியிலிருந்துதான் மகளைப் படிக்க வைத்துக் கல்லூரி வரை அனுப்பினார் என்பதைக் கல்விக் கழகமொன்றின் மலரில் குறிப்பிடாது விடலாகாது.

அந்நகரில் கறுப்பின மக்களின் மெதடிஸ்ட் திருச்சபை ஒன்று இருந்தது. அச்சபையைச் சேர்ந்த படித்த மகளிர், ஊருக்குப் புதிதாய் வரும் ஏழைப் பெண்களுக்கு உணவும் உடையும் ஆதரவும் அளித்து வந்தனர். சாரா அவர்களிடம் உதவி பெற்றார். உடன் அமர்ந்து பாடினார். அவர்கள் பேசும் முறையையும் கூட்டம் நடத்தும் முறையையும் கண்டு தேர்ந்தார். பிற்காலத்தில் அவர் அமைத்த மாபெரும் வாணிகத் தொடர்புக்கு வித்து இங்கேதான் விழுந்தது என்பது நம் கருத்து. ஒரு பெண்ணின் துயரம் மற்றொரு பெண்ணின் செவிக்கு எட்டும் வழி எது என்பதை அவர் இங்கு அறிந்துகொண்டார்.

குழாய் நீர் வசதியற்ற வீடுகளில் வாழ்ந்த அக்காலப் பெண்களுக்குத் தலைத்தோல் நோயும் முடி உதிர்வும் மிகுதி. அம்மையாருக்கும் முடி கொட்டிற்று. ஆனி டர்ன்போ என்னும் கறுப்பின மாது இதற்கு மருந்து செய்து விற்று வந்தார். பின்னாளில் ஆனி மலோன் எனப் பெயர் பெற்றவர் இவரே. சாரா முதலில் இவருடைய விற்பனை முகவராகவே தொழிலில் நுழைந்தார். 1905இல் டென்வர் நகருக்குப் பெயர்ந்தார். 1906இல் செய்தித்தாள் விளம்பரத் தொழிலில் இருந்த சார்லஸ் ஜோசப் வாக்கரை மணந்து, மேடம் சி. ஜே. வாக்கர் என்னும் பெயருடன் கந்தகம் கலந்த தம் சொந்தக் களிம்பை விற்கலானார். இதனால் ஆனி அம்மையாருக்கும் இவருக்கும் மூண்ட பகை தீரவே இல்லை. போலிகளை நம்பவேண்டா என ஆனி அம்மையார் எச்சரிக்கை வெளியிட்டார். வழிகாட்டியவரோடு நல்லுறவைக் காத்துக்கொள்ள இயலாமற் போனது வாக்கர் அம்மையார் வரலாற்றில் ஒரு குறையே. அதை மறைத்து எழுத நாம் விரும்பவில்லை. பின்னர்த் தம் முகவர்களோடு அவர் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொண்டதும், தம் சரக்கையும் தம் முறையையுமே கையாளவேண்டுமென விதித்ததும் இப்பட்டறிவின் பயனாக இருக்கலாம்.

1906ஆம் ஆண்டில் கணவருடன் தென் மாநிலங்களுக்குப் பயணம் புறப்பட்டார். அப்பயணத்தின் முறையை நம் இளைஞர் ஊன்றிப் பார்க்க வேண்டும். ஓர் ஊருக்குச் சென்றால் கடைக்காரரிடம் அவர் முதலிற் செல்வதில்லை. திருச்சபைப் போதகரையும் மகளிர் சங்கத்தாரையும் கண்டு, சபை மண்டபத்தில் பெண்களைக் கூட்டி, தலைமுடியைக் கழுவிப் பேணும் முறையை நேரிற் செய்து காட்டுவார். கூடியவர்களுள் ஆர்வமுடையாருக்குத் தொழிலைப் பயிற்றி முகவராக்குவார். அதன் பின்னரே அடுத்த ஊர். டென்வரில் மகள் லீலியா அஞ்சல் வழியாக வரும் கேட்புகளுக்குச் சரக்கனுப்பிக் கொண்டிருந்தார். எனவே அம்மையார் ஊரை விட்டு நீங்கினும் ஊரோடு தொடர்பு நீங்குவதில்லை. நேற்று வரை வெளுத்தும் சமைத்தும் கூலி பெற்ற பெண், இன்று அவ்வூரில் தனக்கென வாடிக்கையாளரை உடைய தொழிலாட்டி. அவள் உயர்ந்தால் அம்மையாரின் சரக்கு விற்கும். சரக்கு நன்றாயிருந்தால் அவள் உயர்வாள். இருபாலும் நலமில்லாத உறவு நீடிப்பது அரிது.

1908இல் பிட்ஸ்பர்க்கில் மகள் பெயரால் பயிற்சிக் கல்லூரி ஒன்று தோன்றிற்று. 1910இல் இண்டியானாபொலிஸ் நகரைத் தலைமையிடமாக்கினார். இருப்புப் பாதைகள் பல கூடும் நகரம் அது. கறுப்பினத்தார் நடத்திய செய்தித்தாள்களும் அங்கு இருந்தன. ஜோசப் வார்டு என்னும் கறுப்பின மருத்துவர் அவரைத் தம் இல்லத்தில் வரவேற்றார். இளம் வழக்கறிஞர் ஃபிரீமன் ரான்சம் நிறுவனத்தின் நிருவாகத்தை ஏற்றார். வரவு செலவில் கண்டிப்பானவர் ரான்சம். அம்மையாரோ ஈகையிலும் செலவிலும் கைந்நிறையப் போக்குடையவர். இருவரும் கடிதங்களில் வாதிட்டுக்கொண்டே இறுதி வரை பிரியாதிருந்தனர். சார்லஸ் வாக்கருடனான மணமோ 1912இல் முறிந்தது.

1911இல் கறுப்பின இளைஞர்க்கென அந்நகரில் எழுந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்திற்கு 1000 டாலர் அளிப்பதாக அறிவித்தார். நாடெங்கும் கறுப்பினச் செய்தித்தாள்கள் அவர் பெயரை எழுதின. இது கொடையா, விளம்பரமா எனக் கேட்போர் உளர். செயின்ட் லூயிஸ் சபையில் ஒருகாலத்தில் உதவி பெற்ற பெண்ணுக்கு இவ்விரண்டும் வேறு வேறாகத் தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

இனிச் சொல்வது நம் சங்கத்தார் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய நிகழ்ச்சி. டஸ்கிகீ கல்வி நிலையத்தின் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன், அடிமையாய்ப் பிறந்து கறுப்பின மக்களின் பெருந்தலைவராக உயர்ந்தவர். 1900இல் அவர் நிறுவிய தேசிய நீக்ரோ வணிகக் கழகம், கறுப்பின வணிகர் ஒருவரையொருவர் அறிந்து துணை செய்வதற்கென ஏற்பட்டது. 1912 ஆகஸ்டில் சிகாகோவில் அதன் மாநாடு கூடிற்று. வாக்கர் அம்மையார் சென்றிருந்தார். கூந்தற் களிம்பு விற்போரை வாஷிங்டன் மதிப்பதில்லை. வெள்ளையரைப் போலத் தோன்றும் ஆசையை அவர்கள் வளர்ப்பதாக அவர் கருதினார். இண்டியானாபொலிஸ் பத்திரிகை உரிமையாளர் ஜார்ஜ் நாக்ஸ் எழுந்து அம்மையாரைப் பேச விடுமாறு கேட்டார், தலைவர் செவிசாய்க்கவில்லை. இறுதி நாளன்று அம்மையார் தம் இருக்கையிலிருந்து தாமே எழுந்து நின்றார். தம் முகத்திற்கெதிரே கதவை அடைக்கலாகாது என முறையிட்டு, பருத்தி வயலிலிருந்து சலவைத் தொட்டிக்கும், அங்கிருந்து சமையற்கட்டுக்கும் வந்த தாம், அதன்பின் தம்மைத் தாமே தொழிலதிபராக உயர்த்திக்கொண்டதையும், சொந்த நிலத்தில் சொந்தத் தொழிற்சாலை எழுப்பியதையும் அவையோர்க்கு எடுத்துரைத்தார்.

பிறரால் ஒதுக்கப்பட்ட மக்களின் சங்கத்திலேயே தம்முள் ஒருவரை ஒதுக்கும் பழக்கம் புகுந்துவிடுவதுண்டு. எந்தத் தொழில் மதிப்புடையது, எவர் மேடையேறத் தக்கவர் என நம்மவரே வரம்பு கட்டுவதும் உண்டு. அம்மையார் சினந்து கழகத்தை விட்டு விலகியிருந்தால் அதை எவரும் குறை கூறியிரார். அவர் விலகவில்லை. மறு ஆண்டு, 1913இல், அந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடத் திறப்பிற்கு வந்த வாஷிங்டன் அம்மையார் இல்லத்திலேயே விருந்தினராய்த் தங்கினார். அவ்வாண்டின் கழக மாநாட்டில் அம்மையார் அழைப்புப் பெற்ற பேச்சாளர். டஸ்கிகீ மாணவர்க்கு அவர் உதவித்தொகையும் வழங்கினார்.

முகவர்கள் ஆயிரக்கணக்கில் பெருகியபோது, அவர்களைத் தம்மோடு மட்டும் பிணைத்தல் போதாது, ஒருவரோடொருவர் பிணைத்தல் வேண்டும் என்று அம்மையார் கண்டார். 1916 முதல் ஊர்தோறும் முகவர் சங்கங்கள் அமைந்தன. உறுப்பினர் திங்கள்தோறும் சிறு சந்தா செலுத்தினர். இறந்த உறுப்பினரின் குடும்பத்திற்கு உதவித்தொகை உண்டு. 1917 ஆகஸ்டு இறுதியில் ஃபிலடெல்ஃபியாவில் அவர்களின் முதல் மாநாடு கூடியது. இருநூறு பேரளவில் வந்திருந்தனர். மிகுதியாக விற்ற முகவருக்குப் பரிசு வழங்கப்பட்டது. அறப்பணிக்கு மிகுதியாக வழங்கிய சங்கத்திற்கும் பரிசு வழங்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் ஈஸ்ட் செயின்ட் லூயிஸில் கறுப்பினத்தார் பலர் கொல்லப்பட்டிருந்தனர். ஹார்லெம் தலைவர்களுடன் அம்மையார் வெள்ளை மாளிகைக்குச் சென்றும் குடியரசுத் தலைவர் வில்சன் அவர்களைக் காண மறுத்திருந்தார். களிம்பு விற்கும் பெண்களின் அம்மாநாடு, கொடுமையைக் கண்டித்து அதே வில்சனுக்குத் தந்தி அனுப்பிற்று. விற்பனைக்காகச் சேர்ந்தவர்கள் உரிமைக்காகவும் ஒரே குரலில் பேசினர்.

1919 மே 25 அன்று, ஐம்பத்தோராம் வயதில், அம்மையார் இயற்கை எய்தினார். அவ்வாண்டில் அவர் இறுதியாக அளித்த பெருங்கொடைகளுள் ஒன்று, கறுப்பினத்தாரைக் கும்பல் கூடிக் கொல்லும் கொடுமையை எதிர்த்த இயக்கத்திற்கு வழங்கிய 5000 டாலர்.

ஒருமுறை இண்டியானாபொலிஸ் திரையரங்கு ஒன்றில், கறுப்பினத்தவர் என்ற காரணத்தால் 10 சென்டு நுழைவுச் சீட்டுக்கு அவரிடம் 25 சென்டு கேட்டனர். அவர் வழக்குத் தொடுத்தார். தமக்கெனத் திரையரங்குடன் கூடிய கட்டடம் எழுப்பவும் உறுதி பூண்டார். அக்கட்டடம் 1927இல், அவர் மறைந்து எட்டாண்டுகளுக்குப் பின், நிறைவுற்றது. அப்போதும் நிறுவனத்தின் கணக்குகளைக் கண்டிப்போடு பார்த்து வந்தவர் அதே ரான்சம்தான்.