வில்பர் றைற்றும் உந்துவிசிறியும்
(1867 – 1912)

மாணவர்களே, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் திருமண வைபவங்களின்போது தலைக்கு மேலே இரைந்து பறக்கும் ட்ரோன்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். நான்கு சிறு விசிறிகள் அதனைத் தூக்கி வைத்திருக்கின்றன. அதன் மின்கலத்தில் உள்ள சக்தி எவ்வளவு நேரத்துக்குப் போதும் என்பது அவ்விசிறிகளின் வடிவத்திலும் பெரிதும் தங்கியுள்ளது. வானூர்திக்குரிய விசிறியை ஊகத்தால் அன்றி அளவீட்டாலும் கணிப்பாலும் வடிவமைத்துக் காட்டியவர்கள் றைற் சகோதரர் ஆவர். அவர்களுள் மூத்தவரான வில்பர் றைற்றின் வாழ்க்கையை இப்பகுதியில் கற்போம்.

இளமையும் இழப்பும்

வில்பர் றைற் 1867 ஏப்ரல் 16ஆம் திகதி அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்தார். தந்தை கிறிஸ்தவ போதகர். தாயார் கைவேலையில் திறமையானவர். தம்பி ஓர்வில் 1871இல் பிறந்தார். 1878இல் தந்தை ஒரு விளையாட்டுப் பொருளைக் கொண்டுவந்து கொடுத்தார். முறுக்கிய இறப்பர் பட்டியினால் சுழலும் விசிறியைக் கொண்ட அது, கையை விட்டதும் மேலே எழுந்தது. சகோதரர் இருவரும் அதைப் போலப் பெரியவற்றைச் செய்து பார்த்தனர். அளவு பெரிதாகப் பெரிதாக அவை சரியாகப் பறக்கவில்லை. காரணம் அப்போது அவர்களுக்கு விளங்கவில்லை.

வில்பர் படிப்பில் கெட்டிக்காரர். பல்கலைக்கழகம் செல்லும் எண்ணமும் இருந்தது. ஆனால் 1885 – 86 பனிக்காலத்தில் பனிக்கட்டி மீது ஹொக்கி விளையாடுகையில் முகத்தில் மட்டை பட்டு முன்பற்களை இழந்தார். உடல்நலம் குன்றியதால் மேற்படிப்பு கைவிடப்பட்டது. வீட்டில் இருந்தபடி கசநோயுற்ற தாயாரைப் பராமரித்தார். தந்தையின் நூல்களை வாசித்தார். 1889இல் தாயார் காலமானார். பட்டம் எதுவும் பெறாத வில்பர், 1892இல் தம்பியுடன் டேற்றன் நகரில் சைக்கிள் கடை ஒன்றைத் தொடங்கினார்.

அளவீட்டின் வழியில்

1896இல் ஜேர்மனியரான ஒற்றோ லிலியந்தால் மிதவை வானூர்தியிலிருந்து விழுந்து இறந்தார். இச்செய்தி வில்பரின் மனத்தில் பறத்தல் பற்றிய ஆர்வத்தை மீண்டும் எழுப்பியது. காலிமுகத்திடலில் சிறுவர் பட்டம் விடுவதுபோல, 1899இல் அவரும் ஒரு பட்டத்தைப் பறக்கவிட்டார். அதன் செட்டைகளை நூல்களால் முறுக்கித் திருப்பலாம் என்பதைக் கண்டார்.

1900, 1901ஆம் ஆண்டுகளில் கிற்றி ஹோக் என்னும் கடற்கரையில் சோதித்த மிதவை வானூர்திகள் எதிர்பார்த்த அளவு உயர்த்து விசையைத் தரவில்லை. வில்பர் மனம் சோர்ந்தார். எனினும் முன்னோரின் அட்டவணைகளை அப்படியே நம்புவதை விட்டு, சகோதரர் தாமே ஒரு காற்றுச் சுரங்கத்தை அமைத்தனர். அது ஏறத்தாழ 1.8 மீற்றர் நீளமான மரப்பெட்டி. ஒரு முனையில் விசிறி இருந்தது. அதில் 200 வரையான சிறிய செட்டை மாதிரிகளைச் சோதித்தனர். அதன் பயனாக 1902இன் மிதவை வானூர்தி நன்றாகப் பறந்தது.

உந்துவிசிறிப் பிரச்சினை

இனி எஞ்சினும் உந்துவிசிறியும் தேவைப்பட்டன. கப்பல்களின் உந்துவிசிறிக்குரிய விதிகளை நூல்களில் தேடியபோது, அவை பெரும்பாலும் செய்து பார்த்துத் திருத்தும் முறையிலேயே ஆக்கப்பட்டவை என அறிந்து ஏமாற்றமடைந்தனர். சகோதரர் இருவரும் பல நாட்கள் உரத்து வாதிட்டனர். சில வேளைகளில் வாத முடிவில் ஒருவர் மற்றவரின் கருத்துக்கு மாறி, மீண்டும் வாதம் தொடர்ந்ததும் உண்டு.

முடிவில் ஓர் உண்மை தெளிவாயிற்று. உந்துவிசிறி என்பது சுழலும் செட்டையே. செட்டை மேல்நோக்கிய விசையைத் தருவது போல, சுழலும் அலகு முன்னோக்கிய விசையைத் தருகின்றது. ஆகவே காற்றுச் சுரங்கத்தில் பெற்ற தரவுகளை உந்துவிசிறிக்கும் பயன்படுத்தலாம். அலகின் நுனி வேகமாகவும், மையத்தை அண்டிய பகுதி மெதுவாகவும் செல்கின்றன. எனவே மையத்தருகில் சாய்வு கூடியும் நுனியில் குறைந்தும் இருக்குமாறு அலகை முறுக்கிச் செதுக்க வேண்டும்.

அவர்கள் மரப்பலகைகளை ஒட்டிக் கையால் செதுக்கிய இரு உந்துவிசிறிகளும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.6 மீற்றர் விட்டமுடையவை. சைக்கிள் சங்கிலி போன்ற சங்கிலிகள் அவற்றை எதிரெதிர்த் திசைகளில் சுழற்றின. இதனால் ஒன்றின் திருப்பு விளைவை மற்றது சமன் செய்தது. இன்றைய ட்ரோனிலும் இரு விசிறிகள் வலஞ்சுழியாகவும் இரண்டு இடஞ்சுழியாகவும் சுழல்வது இதனாலேயே. அவ்வுந்துவிசிறிகளின் வினைத்திறன் ஏறத்தாழ 75 சதவீதம் எனப் பிற்காலச் சோதனைகள் காட்டின.

விளக்கம்: பெரிய விசிறி ஏன் சிக்கனமானது?

ஒரு விசிறி ஓய்விலுள்ள காற்றில் ஒரு செக்கனில் 2 கிலோகிராமை செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் தள்ளுவதாகக் கொள்வோம். மற்றொன்று 4 கிலோகிராமை செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் தள்ளட்டும். இரண்டிலும் உந்தம் சமம் (2 × 10 = 4 × 5 = 20). ஆகவே கிடைக்கும் விசையும் சமம். ஆனால் காற்றுக்குக் கொடுக்கப்படும் இயக்கச் சக்தி முதலாவதில் 100 யூல். இரண்டாவதில் 50 யூல் மட்டுமே. அதாவது அதிக காற்றை மெதுவாகத் தள்ளுவதே சிக்கனம். றைற் சகோதரர் மெதுவாகச் சுழலும் இரு பெரிய விசிறிகளைத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும். எனினும் விசிறி அளவுக்கு மிஞ்சிப் பெரிதானால் நிறை கூடும் என்பதையும் மறக்கலாகாது.

1903 டிசெம்பர் 17

கடை ஊழியரான சார்ள்ஸ் ரெயிலர் செய்த எஞ்சினின் வலு ஏறத்தாழ 12 பரிவலு. உந்துவிசிறித் தண்டுகள் வெடித்ததால் ஓர்வில் ஊருக்குத் திரும்பிப் புதிய உருக்குத் தண்டுகளைக் கொண்டுவர நேர்ந்தது. டிசெம்பர் 14இல் வில்பர் செய்த முயற்சி சில செக்கன்களில் தோல்வியுற்றது. 17ஆம் திகதி ஓர்வில் 12 செக்கன் பறந்து 36.6 மீற்றர் கடந்தார். அன்றைய நான்காவது பறப்பில் வில்பர் 59 செக்கன் பறந்து 260 மீற்றர் கடந்தார்.

இறுதி ஆண்டுகள்

1908இல் வில்பர் பிரான்சில் பறந்து காட்டி உலகப் புகழ் பெற்றார். ஆனால் அவ்வாண்டு செப்டெம்பர் 17இல் அமெரிக்காவில் ஓர்வில் ஓட்டிய விமானத்தின் உந்துவிசிறி முறிந்தது. அவருடன் பறந்த இராணுவ அதிகாரி தோமஸ் செல்பிரிட்ஜ் உயிரிழந்தார், ஓர்வில் படுகாயமடைந்தார். இயந்திர விமான விபத்தில் நேர்ந்த முதல் உயிரிழப்பு இதுவாகும்.

பின்னர் காப்புரிமை வழக்குகள் வில்பரின் காலத்தை விழுங்கின. ஆராய்ச்சிக்கு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. 1896இல் நெருப்புக்காய்ச்சலால் உயிருக்குப் போராடிய தம்பியைக் கவனித்துக் காத்தவர், அதே நோயினால் 1912 மே 30இல் தமது 45ஆவது வயதில் காலமானார்.

1903ஆம் ஆண்டு விமானத்தின் துணித்துண்டு ஒன்று இன்ஜெனுவிற்றி என்னும் சிறு உலங்குவானூர்தியில் செவ்வாய்க் கோளுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அது 2021 ஏப்ரல் 19இல் அங்கு பறந்தது. ஐதான காற்றில் எழுவதற்கு அதற்கும் எதிரெதிராகச் சுழலும் இரு நீண்ட விசிறிகளே உதவின. பட்டம் பெறாத சைக்கிள் கடைக்காரர் ஒருவர், நூலில் விடை இல்லாதபோது தாமே அளந்து விடை கண்டார் என்பதே இவ்வரலாறு நமக்குத் தரும் பாடமாகும்.

நினைவிற் கொள்க

1892 – சைக்கிள் கடை
1901 – காற்றுச் சுரங்கப் பரிசோதனை
1903 – முதற் பறப்பு
1908 – பிரான்சில் பறப்பு
1912 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. வில்பரின் மேற்படிப்பு தடைப்பட்டதற்குக் காரணம் யாது?
2. உந்துவிசிறியின் அலகு முறுக்கப்பட்ட வடிவில் இருப்பது ஏன்?
3. ஒரு விசிறி ஒரு செக்கனில் ஓய்விலுள்ள 1 கிலோகிராம் காற்றை செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் தள்ளுகின்றது. மேலே விளக்கத்திற் கூறிய விசிறிகளுடன் அதன் உந்தத்தையும் இயக்கச் சக்தியையும் ஒப்பிடுக.
4. ட்ரோனின் விசிறிகள் அனைத்தும் ஒரே திசையில் சுழன்றால் என்ன நிகழும்? விளக்குக.